கோத்தகிரியில் இருந்தபடி பனிப்பாறை அளப்பது: புதிதாக வருபவர்களுக்கு

கோத்தகிரியில் நான் ஒரு நகலகம் நடத்துகிறேன். இரண்டு பழைய கணினிகள், ஒரு அச்சு இயந்திரம், மழை பெய்தால் படுத்துவிடும் ஓர் இணைய இணைப்பு. பகலெல்லாம் ஆதார் நகலும் பட்டா சிட்டாவும். கடை சாத்தின பிறகு வாரத்தில் இரண்டு நாள் அதே கணினிகளில் நாலைந்து பேர் உட்கார்ந்து அண்டார்க்டிகாவின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடும் அண்ணன் ஒருவர், அப்புறம் நான். எங்களில் யாரும் பனிப்பாறையை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு பாறையைக் கண்டுபிடித்து, அதுதான் என்று உறுதி செய்து, நீள அகலம் பரப்பு எடுத்து, நோட்டில் எழுத இப்போது ஒரு மணி நேரம் போதும். புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரு முறை எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

முதலில் சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூரில் 'பனி' என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. விடிகாலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, தொட்டபெட்டா சாலையை மறைப்பதும் பனி, டிசம்பரில் தலைகுந்தா புல்வெளியை உப்புக் கொட்டினது போல ஆக்குவதும் பனி. இந்த வேலையில் அப்படிச் சொன்னால் ஆளுக்கொன்று புரிந்துகொள்வார்கள். நிலத்தில் விழுந்த பனி பல நூறு ஆண்டுகள் அழுந்தி இறுகி மெல்ல வழிந்து வருவது பனியாறு. அது கடல் வரை வந்து, நிலத்தோடு ஒட்டியபடியே நீரில் மிதப்பது பனித்தட்டு. பனித்தட்டின் அல்லது பனியாற்றின் முனை உடைந்து தனியாகப் போவது பனிப்பாறை. இது நன்னீர், பெரிய பாறைகள் இருநூறு, முந்நூறு மீட்டர் கனம் வரும். கடல்நீரே மேலே உறைந்து உண்டாகும் ஏடு கடற்பனி. அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் கனம்தான். மேலிருந்து பார்த்தால் பாறையும் வெள்ளை, கடற்பனியும் வெள்ளை, நடுவில் போகும் மேகமும் வெள்ளை. இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தேவையானவை அதிகமில்லை. பெரிய திரை உள்ள கணினி நல்லது, கைபேசி சரிப்படாது. செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்துக்குப் பதிவு கூடத் தேவையில்லை. அதே வேலைக்கான ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் பிரவுசர் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். கியூ.ஜி.ஐ.எஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை நிறுவுங்கள். ரேடார் படங்களைச் சுத்தம் செய்ய ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்நாப் என்ற மென்பொருள் உண்டு. அது நினைவகத்தை நிறையச் சாப்பிடும், முதல் மாதம் அதைத் தொட வேண்டாம். ஒரு படத்தை முழுசாக இறக்கினால் ஒரு ஜிபி வரை போகலாம். மலைமேல் இருக்கும் இணையத்துக்கு அது ஒரு ராத்திரி வேலை. ஆகவே உலாவியிலேயே பார்த்து முடிவு செய்துவிட்டு, உண்மையில் அளக்கப்போகும் படத்தை மட்டும் இறக்குங்கள்.

முதலில் நம்மூர் ஏரி

அண்டார்க்டிகாவுக்கு ஓடாதீர்கள். தெரிந்த இடத்தில் கண்ணைப் பழக்கிக்கொள்ளாமல் தெரியாத இடத்துக்குப் போனால் பார்ப்பதெல்லாம் பனிப்பாறையாகத் தெரியும்.

கோப்பர்நிகஸ் பிரவுசரில் அப்பர் பவானி அணையைத் தேடி, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை ஜனவரியில் ஒரு நாளுக்கு எடுங்கள். நீர், சோலை, புல்வெளி எல்லாம் துலக்கமாக இருக்கும். சென்டினல்-2 நம் கண்ணைப் போல, சூரிய ஒளியில் பார்க்கிறது. ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். இப்போது அதே இடத்தை ஜூலைக்கு மாற்றுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலம். வாரக் கணக்கில் வெறும் வெள்ளை. அடுத்து, அதே ஜூலை வாரத்தில் சென்டினல்-1 படத்தைத் திறங்கள். அணை கறுப்பாக, ஓரம் தெளிவாக, அப்படியே இருக்கும். சென்டினல்-1 ரேடார்: சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அலையில்லாத நீர், அனுப்பிய அலையைக் கண்ணாடி போல அப்பால் தள்ளிவிடும். திரும்பி எதுவும் வராது, ஆகவே கறுப்பு.

அந்தப் படத்தில் மலைச் சரிவுகளையும் கவனியுங்கள். ரேடாரைப் பார்த்த சரிவு பளீரென்று, நசுங்கினது போலத் தெரியும். மறு சரிவு இருண்டு கிடக்கும். உயரமான எதுவும் ரேடார் படத்தில் செயற்கைக்கோள் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து விழும். முப்பது நாற்பது மீட்டர் உயரப் பனிப்பாறைக்கும் இதே கதைதான். அதன் ஓரம் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் இது.

இந்தப் பயிற்சிக்கு ஒரு மாலை போதும். துருவத்திலும் இதே இரண்டு கண்கள்தான்: ஒளியில் பார்ப்பது ஒன்று, ரேடாரில் பார்ப்பது ஒன்று. அண்டார்க்டிகாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதாவது நமக்கு உறைபனி விழும் மாதங்களில், அங்கே கோடை. ஒளிப்படம் நன்றாகக் கிடைக்கும். ஜூன், ஜூலையில் அங்கே பெரும்பாலும் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. அப்போது ரேடார் மட்டும்தான் கதி.

முதல் பாறை: டி-28

புதியவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பாறை டி-28. 2019 செப்டம்பர் கடைசியில் கிழக்கு அண்டார்க்டிகாவின் அமெரி பனித்தட்டிலிருந்து உடைந்தது. பரப்பு சுமார் 1,636 சதுர கி.மீ. நம் நீலகிரி மாவட்டம் மொத்தமே சுமார் 2,550 சதுர கி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால், மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடலில் மிதந்து போவதாகக் கற்பனை செய்யலாம். இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இதே பிரிட்ஸ் விரிகுடாப் பக்கம், லார்ஸ்மன் குன்றுகளில்தான் இருக்கிறது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கரையின் மேல் ஒரு சொந்தம்.

வேர்ல்ட்வியூவைத் திறந்து, வரைபட அமைப்பை அண்டார்க்டிகாவுக்கு மாற்றுங்கள். தென்துருவம் நடுவில் வரும். எது வடக்கு என்று தேடாதீர்கள், எல்லாப் பக்கமும் வடக்குதான். டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் என்ற கருவியின் படத்தை அடுக்கில் வையுங்கள். ஒரு புள்ளி 250 மீட்டர், ஒரே வீச்சில் 2,330 கி.மீ. அகலம், தினமும் படம். கிழக்குத் தீர்க்கரேகை 70 டிகிரி, தென் அட்சரேகை 69 டிகிரி பக்கம் போங்கள். 2019 செப்டம்பர் நடுவில் மேகம் குறைந்த ஒரு நாளைப் பாருங்கள். பிறகு அக்டோபர் முதல் பாதியில் இன்னொரு நாள். விளிம்பிலிருந்து ஒரு பெரிய துண்டு கழன்று, நடுவில் கறுப்புக் கோடு விழுந்திருப்பது தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரியில் வேறொரு துண்டைத்தான் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். மேலிருந்து பார்த்தால் குழந்தையின் ஆடும் பல் போல இருந்ததால் அதற்கு அந்தப் பேரே வைத்திருந்தார்கள். ஹெலன் ஃப்ரிக்கர் என்ற பனியியல் அறிஞர் அது 2010க்கும் 2015க்கும் இடையில் விழலாம் என்று 2002இலேயே கணித்திருந்தார். கடைசியில் ஆடும் பல் அப்படியே நிற்க, அதற்குப் பக்கத்தில் இருந்த டி-28 விழுந்தது.

பெயர் எப்படி வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தேசியப் பனி மையம்தான் பெயர் வைக்கிறது. அண்டார்க்டிகாவை நான்கு கால்வட்டமாகப் பிரித்து, பூஜ்ஜியத்திலிருந்து மேற்கு 90 வரை ஏ, அங்கிருந்து 180 வரை பி, 180இலிருந்து கிழக்கு 90 வரை சி, கிழக்கு 90இலிருந்து பூஜ்ஜியம் வரை டி. பாறை முதலில் எங்கே காணப்பட்டதோ அந்த எழுத்து, பிறகு வரிசை எண். அது இரண்டாக உடைந்தால் துண்டுகளுக்குப் பின்னால் ஒரு எழுத்து சேரும். நீளம் 10 கடல் மைல் (சுமார் 18.5 கி.மீ.) அல்லது பரப்பு 20 சதுர கடல் மைல் (சுமார் 69 சதுர கி.மீ.) இருந்தால்தான் பெயர் கிடைக்கும். பெயரில்லாத சின்னப் பாறைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உங்களுக்குக் கிடைத்த பாறை மையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. அளந்து முடித்த பிறகு பாருங்கள். முதலில் விடையைப் பார்த்துவிட்டால் கை தானாக அந்த எண்ணுக்கு வளைந்து போகும்.

வெள்ளையில் வெள்ளையைப் பிரிப்பது

மேகத்தைப் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. சுமார் 1.6 மைக்ரான் பக்கமுள்ள அகச்சிவப்பில் பனிக்கட்டி ஒளியை விழுங்கிவிடும், நீர்த்துளி மேகம் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அந்த அலைவரிசையில் மேகம் வெள்ளை, பனிக்கட்டி கறுப்பு. வேர்ல்ட்வியூவில் மோடிஸ் அடுக்குகளில் 3-6-7 என்ற அலைவரிசைச் சேர்க்கையைத் தேர்ந்தெடுத்தால் பனி சிவப்பாகவும், 7-2-1 சேர்க்கையில் வெளிர்நீலமாகவும் வரும். மேகம் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், மிக உயர்ந்த மேகங்களில் இருப்பதும் பனித்துகள்தான். அவை ஏமாற்றும்.

அப்படி ஏமாற்றினால் நாளை மாற்றுங்கள். மேகம் மறுநாள் அதே வடிவத்தில் இருக்காது. பாறை இருக்கும், நாளுக்குச் சில கி.மீ. நகர்ந்திருக்கலாம், கொஞ்சம் திரும்பியிருக்கலாம், ஆனால் மூலைகள் அதே மூலைகள். எங்கள் கூட்டத்தில் ஒரு விதி: ஒரே படத்தை வைத்துப் பாறை என்று யாரும் சொல்லக்கூடாது. குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் இரண்டு செயற்கைக்கோள். குஞ்சப்பனைக் கொண்டை ஊசி வளைவில் மூடுபனிக்குள் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது புதிதில்லை. எதிரே தெரிவது லாரியா, பாறையா, பனியின் கனமா என்பது ஒரு பார்வையில் தெரியாது. வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை பார்ப்பான்.

கடற்பனியிலிருந்து பிரிப்பது இன்னும் கடினம். பனித்தட்டிலிருந்து உடைந்த பாறை தட்டையானது. ஓரம் கத்தியால் வெட்டினது போல நேராக இருக்கும். கோடையில் ஒளிப்படத்தில் அதன் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும். கடற்பனித் துண்டு எவ்வளவு பெரிதானாலும் நிழல் விழாது, உயரமே இல்லையே. இன்னொரு தடயம்: கடற்பனி காற்றோடு ஓடும், ஆழமாக நீருக்குள் இறங்கிய பாறை நீரோட்டத்தோடு போகும். இரண்டும் வேறு திசையில் போனால் பாறைக்குப் பின்னால் கப்பல் போன தடம் போல ஒரு திறந்த நீர்க்கோடு விழும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

தரைதட்டிய பாறை வேறு வகை ஏமாற்று. நகராது, தீவு என்று நினைத்துவிடுவோம். நாம் மட்டுமல்ல. 2021இல் கிரீன்லாந்தின் வடக்கே உலகின் வடகோடித் தீவைக் கண்டுபிடித்ததாக ஒரு ஆய்வுக் குழு அறிவித்தது. அவர்கள் அதன் மேல் இறங்கியே நின்றார்கள். அடுத்த ஆண்டு போய் அளந்தபோது, அது மண்ணும் சரளையும் மூடிய, தரைதட்டிய பனிப்பாறை என்று தெரிந்தது.

ரேடாரில் தேடுவது

சென்டினல்-1இல் துருவக் கடல்களுக்கு இரண்டு முறைகளைப் பார்ப்பீர்கள். இ.டபிள்யூ என்ற அகல வீச்சில் 400 கி.மீ. அகலம் வரும், புள்ளி 40 மீட்டர். ஐ.டபிள்யூவில் 250 கி.மீ. அகலம், புள்ளி 10 மீட்டர். பெரிய பாறைக்கு முதலாவது போதும். நூறு மீட்டருக்குக் குறைவான பாறையை இ.டபிள்யூவில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒன்றிரண்டு புள்ளிதான், ரேடார் படத்தில் இயல்பாக இருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சலில் கரைந்துபோகும்.

ஹெச்.ஹெச், ஹெச்.வி என்று இரண்டு வகைப் படம் சேர்ந்து வரும். முதலாவதில் அலை அனுப்பிய அதிர்வுத் தளத்திலேயே திரும்பி வருவது, இரண்டாவதில் அந்தத் தளம் மாறி வருவது. அமைதியான கடலில் ஹெச்.ஹெச் படத்திலேயே பாறை பளிச்சென்று நிற்கும். காற்று அடித்துக் கடல் கொந்தளித்தால் கடலும் பளிச்சென்றாகி, பாறை அதில் ஒளிந்துகொள்ளும். அப்போது ஹெச்.வியைப் பாருங்கள், அதில் கடல் அவ்வளவாக ஒளிராது, பாறையின் உள்ளே அலை சிதறித் திரும்புவதால் பாறை மட்டும் தெரியும்.

கோடையில் இது தலைகீழாகும். பாறையின் மேல்பரப்பு உருகி ஈரமானால் அலை உள்ளே போகாமல் நழுவிவிடும். நேற்று வெள்ளையாக இருந்த பாறை இன்று கறுத்துக் கிடக்கும். எங்கள் கல்லூரிப் பெண் ஒருத்தி, "அண்ணா, பாறை காணாமப் போச்சு" என்று ஒரு ஜனவரி மாலையில் பதறினாள். பாறை அங்கேயேதான் இருந்தது, நனைந்திருந்தது. அதே நாள் மோடிஸ் படத்தைப் போட்டதும் சிரித்துவிட்டாள். இன்னும் நீளமான அலை இந்த விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளில் சுமார் 24 சென்டிமீட்டர் அலையுள்ள எல்-பேண்டும், அதைவிடச் சின்ன அலையுள்ள எஸ்-பேண்டும் இருக்கின்றன. சென்டினலில் கை பழகியவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் அது.

வடக்கே, கிரீன்லாந்து, நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் தேடினால் இன்னொரு குழப்பம்: கப்பல். ரேடாரில் கப்பலும் ஒரு வெள்ளைப் புள்ளி. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914 முதல் அந்தக் கடலில் பனிப்பாறைகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பே இயங்குகிறது. அவர்களுக்கும் இந்தக் கப்பலா பாறையா கேள்வி இன்றுவரை உண்டு. கப்பல் மறுநாள் படத்தில் அங்கே இருக்காது என்பது நமக்குக் கைகொடுக்கும் ஒரே எளிய சோதனை. கணினி நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: 2017-18இல் காகிள் தளத்தில் இதற்கென்றே ஒரு போட்டி நடந்தது. 75க்கு 75 புள்ளி கொண்ட 1,604 சென்டினல்-1 துண்டுப் படங்களைக் கொடுத்து, எது கப்பல், எது பாறை என்று நிரலுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். பழகிப் பார்க்க நல்ல தொகுப்பு.

அளப்பது, நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்

படத்தை இறக்கி கியூ.ஜி.ஐ.எஸ்ஸில் திறந்து, பாறையின் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சொடுக்கி ஒரு பலகோணம் வரைய வேண்டும். மென்பொருள் பரப்பைச் சொல்லிவிடும். கேட்க எளிது. நாங்கள் முதல் தடவை டி-28ஐ அளந்தபோது விடை 12 ஆயிரம் சதுர கி.மீ.க்கு மேல் வந்தது. ஐந்து பேரும் மாறி மாறி வரைந்தும் அதே விடை. ஐந்து பேரும் ஒன்று போலத் தப்பாகச் செய்கிறோம் என்று புரிய இரண்டு நாள் ஆனது.

தப்பு வரைவதில் இல்லை, அடியில் இருந்த வரைபடத்தில். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்க்கேட்டர் முறையில் விரிக்கப்பட்டவை. அதில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் ஊதிக்கொண்டே போகும். ஊட்டியில், 11 டிகிரியில், பரப்பு 4 சதவீதம்தான் கூடும். ஊட்டி ஏரியை அளந்து பழகியபோது அதை யாரும் கவனிக்கவில்லை. 60 டிகிரியில் நான்கு மடங்கு. அமெரி இருக்கும் 69 டிகிரியில் ஏழெட்டு மடங்கு. நாங்கள் மாவட்டத்தில் முக்கால் அளவுகூட வராத பாறையை ஐந்து மாவட்டமாக்கி வைத்திருந்தோம்.

சரிசெய்ய இரண்டு காரியம். ஒன்று, திட்டத்தின் வரைபட அமைப்பை, துருவத்தை நடுவில் வைக்கும் அமைப்புக்கு மாற்றுங்கள்: அண்டார்க்டிகாவுக்கு அதன் எண் ஈ.பி.எஸ்.ஜி 3031, ஆர்க்டிக்கிற்கு 3413. இரண்டு, திட்ட அமைப்பில் அளவீடு பூமியின் உருண்டை வடிவத்தின் மேல் நடக்கும்படி டபிள்யூ.ஜி.எஸ் 84 நீள்கோளத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் காரியத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு, அது போதாது. 3031 அமைப்பில் 71 டிகிரியில்தான் அளவு துல்லியம். 60 டிகிரிக்கு வந்தால் நீளம் சுமார் 4 சதவீதமும் பரப்பு சுமார் 9 சதவீதமும் கூடும். பாறை வடக்கே மிதந்து வரும், வழியில் உருகும், உங்கள் நோட்டிலோ அது வளர்ந்துகொண்டே போகும். இப்படி ஒரு 'வளரும் பாறை'யும் எங்கள் பழைய நோட்டில் இருக்கிறது. அடிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.

ஓரம் வரையும்போது படத்தைப் பெரிதாக்கி, எப்போதும் ஒரே அளவில் வைத்து வரையுங்கள். பாறையைச் சுற்றி ஒட்டியிருக்கும் நொறுங்கிய பனியைச் சேர்ப்பதா விடுவதா என்று முதலிலேயே முடிவு செய்து அதையே கடைசி வரை பின்பற்றுங்கள். நான் விட்டுவிடுவேன். நீளம் என்பது பாறையின் எந்த இரண்டு புள்ளிக்கும் இடையிலுள்ள மிக நீண்ட கோடு. அகலம் அதற்குச் செங்குத்தாக.

உயரமும் கனமும்

இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது, காரணம் இதைக் கடை வாசலில் வெயிலில் நின்றே கற்றுக்கொடுக்கலாம். டிசம்பர் 21 நண்பகலில் கோத்தகிரியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் இருக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணின் நிழல் அப்போது சுமார் 111 சென்டிமீட்டர். நிழலின் நீளத்தை, சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் ஆளின் உயரம் வந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கு.

பாறைக்கும் அதுவே. சென்டினல்-2 படத்தோடு வரும் விவரக் கோப்பில் சூரியனின் உயரக் கோணமும் திசையும் இருக்கும். நிழல் 15 புள்ளி, அதாவது 150 மீட்டர். சூரியன் 12 டிகிரி உயரம் என்றால், 12 டிகிரியின் டேன்ஜென்ட் 0.2126, ஆக நீருக்கு மேல் உயரம் சுமார் 32 மீட்டர். நிழலைச் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் அளக்க வேண்டும், பாறையின் ஓரத்துக்குச் செங்குத்தாக அல்ல. இதற்கு மட்டும் 3031 அமைப்பை விட்டுவிட்டு, படம் வந்த யு.டி.எம் என்ற வரைபட அமைப்பிலேயே அளங்கள். அதில்தான் மேல்பக்கம் ஏறக்குறைய வடக்கு. நிழல் கடற்பனியின் மேல் விழுந்திருந்தால் மட்டும் அளக்கலாம். திறந்த கடல் ஏற்கெனவே கறுப்பு, கறுப்பில் நிழலைத் தேட முடியாது. சென்டினல்-2 திறந்த கடலை எப்போதும் படமெடுப்பதும் இல்லை, ஆகவே கரையோரப் பாறைகளில் பழகுங்கள்.

நீருக்கு மேல் தெரிவதிலிருந்து மொத்தக் கனத்துக்குப் போகலாம். பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ, கடல்நீர் சுமார் 1,025. கணக்குப் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள்; மொத்தக் கனம் வெளியே தெரியும் உயரத்தைப் போல ஒன்பதரை மடங்கு. இது கெட்டியான பனிக்கட்டிக்கு. அண்டார்க்டிகத் தட்டைப் பாறைகளின் மேல் பகுதி இன்னும் இறுகாத, காற்று நிறைந்த பனி. ஆகவே உண்மையான மடங்கு குறையும். ஒன்பதரையை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 லேசர் செயற்கைக்கோள் உங்கள் பாறையின் மேல் தற்செயலாகப் போயிருந்தால் அதன் உயர அளவு உங்களுடையதைவிட எவ்வளவோ நம்பகமானது.

எடைக்கு டி-28ஐயே போட்டுப் பாருங்கள். 1,636 சதுர கி.மீ., கனம் சுமார் 210 மீட்டர். பெருக்கி, 0.917ஆல் மறுபடி பெருக்கினால் 31,500 கோடி டன் வரும்.

எவ்வளவு தப்பலாம்

இலை எடை போடும் அண்ணனுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. மழை நாளில் வரும் ஈர இலைக்கு எவ்வளவு கழிப்பது என்பது அவருடைய அன்றாடச் சண்டை. "தராசு காட்டுறது எடை இல்ல தம்பி, கழிச்சது போக மிச்சம்தான் எடை" என்றார்.

நாங்கள் கழிக்கும் முறை: பாறையின் சுற்றளவை அரைப் புள்ளியால் பெருக்குவது. 50 கி.மீ. நீளம், 32 கி.மீ. அகலம் உள்ள பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 1,600 சதுர கி.மீ., சுற்றளவு 164 கி.மீ. சென்டினல்-1 இ.டபிள்யூ படத்தில் அரைப் புள்ளி 20 மீட்டர். பிழை கூடவோ குறையவோ 3.3 சதுர கி.மீ. அதே பாறை மோடிஸ் படத்தில் என்றால் அரைப் புள்ளி 125 மீட்டர். பிழை 20 சதுர கி.மீ. மோடிஸ் படத்தில் நேற்றைவிட இன்று பத்து சதுர கி.மீ. குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், பாறை உடைந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். நிழல் கணக்கில் இது இன்னும் மோசம்: நிழல் 15 புள்ளி விழுந்த அந்தப் பாறையில் ஒரே ஒரு புள்ளி தப்பினால் உயரத்தில் 2 மீட்டர், கனத்தில் 20 மீட்டர் தப்பும்.

நோட்டில் ஒரு பாறைக்கு ஒரு வரி. நாள், நேரம், செயற்கைக்கோள், படமுறை, படக் கோப்பின் முழுப்பெயர், மையத்தின் அட்ச தீர்க்கரேகை, நீளம், அகலம், பரப்பு, பிழை, நீண்ட அச்சு எந்தத் திசை, வரைந்தவர் பெயர். நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே எழுதுங்கள். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், சாயங்காலப் படத்துக்கு மறுநாள் தேதி போட்டுவிடுவது இங்கே வழக்கமான தப்பு. வரைந்தவர் பெயர் எதற்கு என்று கேட்பார்கள். ஒவ்வொருவர் கையும் ஒரு விதம். ஒருவர் எப்போதும் ஓரத்துக்கு வெளியே வரைவார், இன்னொருவர் உள்ளே. அதே பாறையை இரண்டு பேர் தனித்தனியே வரைந்து ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

டி-28 கை வந்த பிறகு ஏ-23ஏவைத் தொடருங்கள். 1986இல் ஃபில்ஷ்னர் பனித்தட்டிலிருந்து, மேலே ஒரு சோவியத் ஆய்வு நிலையத்தோடு உடைந்த பாறையின் பெருந்துண்டு. வெடல் கடலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தரைதட்டிக் கிடந்து 2020இல் நகரத் தொடங்கியது. அப்போது ஏறக்குறைய 4,000 சதுர கி.மீ., அதாவது ஒன்றரை நீலகிரி. 2024இல் பல மாதம் தெற்கு ஆர்க்னித் தீவுகள் பக்கம் ஒரு நீர்ச்சுழலில் மாட்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியாத் தீவருகே மறுபடி தரைதட்டி, அந்த ஆண்டிலேயே துண்டு துண்டாக உடையத் தொடங்கியது. 2020, 2021, 2022க்கு ஆண்டுக்கு ஒரு படம், 2023க்கு மாதம் ஒன்று, சுற்றிக்கொண்டிருந்த மாதங்களுக்கு வாரம் ஒன்று என்று எடுங்கள். சுற்றும் மாதங்களில் பரப்பைவிட அச்சின் திசைதான் முக்கியம். ஒரு மூலையைப் பிடித்து அடையாளம் வைத்துக்கொள்ளாவிட்டால் எத்தனை சுற்று போனது என்பதே தெரியாமல் போகும்.

இது பெரிய பலகோணம், முந்நூறு நானூறு புள்ளி வரும். காற்றுக் காலத்தில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால் நகலகத்தில் எல்லாம் அணைந்துவிடும். ஐம்பது புள்ளிக்கு ஒரு முறை சேமித்துக்கொள்ளுங்கள்.